ரின் மீன்: குளிர்கடல் மெக்கரலை அறிந்து, பார்த்து வாங்கி, பதமாகச் சமைக்க ஒரு முழு வழிகாட்டி

கார்த்திகையில் மழை தொடங்கி வாடைக்காற்றும் பலத்துவிட்டால் வடக்குக் கடலில் வள்ளம் இறக்க முடியாத நாள்கள் வரும். குருநகரிலோ பருத்தித்துறையிலோ அன்று சந்தைக்கு மீன் வராது. வந்தாலும் விலை கைக்கெட்டாது. அப்போது கடைத்தட்டிலிருந்து இறங்குவது ரின் மீன். பாணுக்கும் புட்டுக்கும் அவசரக் கறி என்ற அளவோடு அதை நினைத்துப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது என்ன மீன், அதன் முள்ளை எப்படிச் சவைத்து விழுங்க முடிகிறது, சில வீட்டுக் குழம்பில் அது ஏன் கூழாகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. முதற்கேள்விக்குக் கீழே வருவோம். மற்ற இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: அது ஒரு மணித்தியாலம் அளவுக்கு அழுத்தத்தில் வெந்து முடிந்த மீன். பச்சை மீனுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தால் மீன் கரைந்துபோகும்.

பெயர் செமன், மீன் மெக்கரல்

தெற்கில் இதைச் செமன் என்பார்கள். சமன் என்ற ஆங்கிலப் பெயரின் திரிபு அது. ஆனால் இந்த ரின்னில் சமன் கிடையாது. சமன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு ஏறும் மீன். இறால் இனச் சிற்றுயிர்களிலிருந்து வரும் அஸ்ராசாந்தின் என்ற நிறப்பொருளால் அதன் சதை இளஞ்சிவப்பாக இருக்கும். கனடாவிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வந்து நிற்கும் உறவினர் ‘சமன் கறி’ என்று சொன்னால் அது அந்த உண்மையான சமன். நம் கடைகளில் 425 கிராம், 155 கிராம் ரின்களில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை மெக்கரல். இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை.

முதலாவது ஜக் மெக்கரல். விஞ்ஞானப் பெயர் ட்ரக்கூரஸ் மேர்பி. சிலி, பெரு கரைகளிலிருந்து நியூசிலாந்து வரை தென்பசிபிக்கின் குறுக்கே ஒரு பட்டிபோலப் பரவி வாழ்கிறது. பெயரில் மெக்கரல் இருந்தாலும் இது பாரைக் குடும்பம். பாரையின் வால்பக்கத்தில் கையைக் கீறும் கெட்டிச் செதில் வரிசை ஒன்று உண்டல்லவா, அதேபோன்ற வரிசை இதற்கு உடலின் பக்கவாட்டில் ஓடும். இரண்டாவது சப் மெக்கரல், ஸ்கொம்பர் யப்போனிக்கஸ். கும்பளா, அறக்குளா, சூரை ஆகியவற்றின் குடும்பம். முதுகில் நீலப்பச்சையில் அலை அலையாகக் கோடுகள். முதுகிலும் அடியிலும் வாலை நெருங்கும் இடத்தில் ஐந்து ஐந்து குட்டித் துடுப்புகள்.

ரின்னைத் திறந்த பிறகும் இவற்றைப் பிரித்தறியலாம். தோலில் அலைக்கோடு தெரிந்து, சதையில் கருஞ்சிவப்புப் பகுதி கூடுதலாக இருந்து, துண்டு மிருதுவாகப் பிரிந்தால் சப் மெக்கரல். தோல் ஒரே வெள்ளியாக, பக்கத்துக் கோடு நடுவில் வளைந்து கீழிறங்கி, சதை சற்று வெளிறிக் கட்டியாக இருந்தால் ஜக் மெக்கரல். குழம்புக்கும் கட்லட்டுக்கும் ஜக் மெக்கரல்தான் மேல்: உடையாது, நீர் விடாது. எண்ணெய்ச் சுவை கூடிய சப் மெக்கரலைப் பிரட்டலாக்கிப் பாணுக்குத் தொட்டால் நன்றாக இருக்கும். உள்ளூரில் அடைத்த ரின்களும் கடையில் உண்டு. அவற்றில் நம் வெப்பக்கடல் மீன் இருக்கலாம் என்பதால் லேபலில் மீனின் பெயரைப் பாருங்கள்.

குளிர்நீரில் ஏன் இவ்வளவு மீன்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வடக்கு நோக்கி ஓடுவது ஹம்போல்ற் நீரோட்டம். கரையோரமாக அடிக்கும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரை வெளிக்கடலுக்குத் தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். மேலிருந்து செத்து விழுந்தவையெல்லாம் உக்கிச் சேர்ந்த சத்து ஆழத்தில் இருக்கிறது. வயலுக்கு எரு போட்டதுபோல அது மேலே வந்து வெயிலைச் சந்திக்கும்போது நுண்பாசி பெருகும். பாசியைக் கிறில் என்னும் கூனிபோன்ற உயிர் தின்னும். கிறிலையும் சிறுமீனையும் கணவாயையும் ஜக் மெக்கரல் தின்னும். பகலில் ஆழத்தில் நிற்கும் கூட்டம் இரவில் இரை தேடி மேலே ஏறும். முட்டையிடுவது வெளிக்கடலில், ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களில். நமக்கு அப்போது மழைக்காலம், அங்கே இளவேனில். முட்டைகள் மிதந்துகொண்டே பொரிக்கும்.

நம் பாக்குநீரிணை ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். இங்கே மீன்வகை ஏராளம், ஆனால் ஒரு வகையில் ஒரே அளவில் இலட்சக்கணக்காகச் சேர்வது அரிது. ஹம்போல்ற் பக்கம் நேர்மாறு: வகை குறைவு, கூட்டம் மலைபோல். ரின் தொழிற்சாலைக்குத் தேவை அந்த மலைதான், ஏனெனில் ஒரே நீளத்தில் வெட்டி ஒரே நேரத்தில் வேகவைக்க ஒரே அளவு மீன் வேண்டும். மலையும் கரையும். 1995இல் சிலி மட்டும் 40 இலட்சம் தொன்னுக்கு மேல் ஜக் மெக்கரல் பிடித்தது. பிறகு இருப்பு வெகுவாகச் சரிந்தது. 2012இல் தென்பசிபிக் மீன்பிடி முகாமைக்கான நாடுகளின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற வரம்பு விதிக்கப்பட்ட பின்னரே மீண்டும் தேறியது.

இந்த மீனின் கொழுப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பிறிஜ்ஜில் வைத்தால் உறைந்து வெள்ளைக் கட்டியாகும். குளிர்கடலில் நீந்தும் மீனின் உடற்கொழுப்பும் அப்படி உறைந்தால் உயிரணுச் சவ்வுகள் விறைத்துப்போகும். ஆகவே குளிரிலும் இளகியே நிற்கும் ஒமேகா 3 கொழுப்புகள் அதன் உடலில் மிகுந்திருக்கின்றன. மீன் அவற்றைப் பெருமளவும் தானாக ஆக்குவதில்லை. நுண்பாசியில் உண்டானது இரை வழியே வந்து சேர்கிறது. இதய நலத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் கொழுப்பு இதுதான். ஆனால் காற்றுப் பட்டால் விரைவில் காறிப்போவதும் இதே கொழுப்புதான். ரின் மீனின் வெடுக்கில் ஒரு பங்கு அதனால் வருவது.

சுருக்குவலையிலிருந்து ரின்னுக்கு

கூட்டத்தைச் சுருக்குவலையால் வளைத்து, குழாய் வழியே உறிஞ்சி, 0 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் இடுவார்கள். இந்தப் படியில் சோம்பினால் பிறகு எதுவும் காப்பாற்றாது. மெக்கரல் சதையில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூடான இடத்தில் கிடந்தால் பக்ரீரியா அதை ஹிஸ்ரமினாக மாற்றிவிடும். ஹிஸ்ரமின் கொதியில் அழியாது, ரின்னின் அழுத்தச் சூட்டிலும் அழியாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவத்தல், தலையிடி, கடி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம் வரும். பலர் அதை ‘மீன் ஒவ்வாமை’ என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ரின் மீன் வாயில் மிளகுபோல உறைத்தால் அந்த ரின்னை அப்படியே கொட்டிவிடுங்கள். மூச்சு முட்டினாலோ தலைசுற்றி விழப்பார்த்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

தொழிற்சாலையில் தலை, வால், குடல் நீக்கி, ரின்னின் உயரத்துக்குத் துண்டாக்கி அடுக்குவார்கள். முதலில் ஆவியில் வேகவைத்து, கசியும் நீரை வடித்து, உப்புநீரோ தக்காளிக் குழம்போ சூடாக ஊற்றி, மூடியை இரட்டை மடிப்பாக மடித்து அடைப்பார்கள். பிறகு பெரிய அழுத்தப் பாத்திரத்தில் 115 முதல் 121 பாகை வரை சூடேற்றுவார்கள். இலக்கு ஒன்று: ரின்னின் நடுவில், சூடு கடைசியாகச் சேரும் இடத்தில், குறைந்தது 121 பாகையில் 3 நிமிடத்துக்குச் சமமான சூடு படவேண்டும். ஒக்ஸிஜன் இல்லாத இடத்தில் வளர்ந்து பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் குளொஸ்ரிடியம் பக்ரீரியாவின் வித்திகளைக் கொல்ல அதுவே கணக்கு. அதே சூட்டில் எலும்பைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் ஜெலற்றினாக இளகுவதால் நடுமுள்ளும் விரலில் நசியும். வடித்த ஜக் மெக்கரல் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம், 6 கிராம் கொழுப்பு, 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கும். அந்தக் கல்சியத்தில் பெரும்பங்கு முள்ளில் என்பதால், முள்ளைப் பொறுக்கி எறிந்தால் அதுவும் போய்விடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

மூடியும் அடியும் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தும்போது ‘டக்’ என்று போய்த் திரும்பி வந்தால் வேண்டாம். வீங்கியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வீக்கத்துக்கு உலோக அரிப்பால் உண்டான வாயுவும் காரணமாகலாம், நுண்ணுயிரும் காரணமாகலாம். வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. வயிற்றுப் பக்கத்தில் ஆழமில்லாத நெளிவு பரவாயில்லை. மேல், கீழ் விளிம்பு மடிப்பிலோ பக்கத்து ஒட்டுக் கோட்டிலோ நெளிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில்தான் காற்று உள்ளே போக வழி கிடைக்கும். துடைத்தால் போகும் துரு மேல்துரு. துடைத்த பின்னும் குழி தெரிந்தால் ரின்னை வைத்துவிட்டு வாருங்கள். நம் உப்புக்காற்றில் தரையோடு அடுக்கிய பெட்டிகளின் அடிவரிசை இப்படித்தான் கெடுகிறது.

லேபலில் மூன்றைப் பாருங்கள்: மீனின் பெயர், காலாவதித் திகதி, வடித்த நிறை. 425 கிராம் என்பது நீரோடு சேர்ந்த நிறை. மீன் மட்டும் எவ்வளவு என்பதுதான் உங்கள் காசுக்குக் கணக்கு. 425 கிராம் ரின்னில் அது வழக்கமாக 280 கிராம் அளவில் இருக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டில் வடிதட்டில் சற்றுச் சரித்து 2 நிமிடம் வடியவிட்டு நிறுத்துப் பாருங்கள்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரைக்கு நேர்கீழ்த் தட்டிலும் அடுப்பங்கரையிலும் வைக்க வேண்டாம். தொழிற்சாலைச் சூட்டையும் தாங்கிய சில வித்திகள் சாதாரண அறைச்சூட்டில் தூங்கும்; 40 பாகைக்கு மேல் தொடர்ந்து இருந்தால் விழித்துக்கொள்ளும். அப்போது ரின் வீங்காமலே உள்ளே புளித்துவிடும்.

திறந்ததும்

மூடியைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். நீர் பீறிட்டாலோ, அழுகிய வாடை வந்தாலோ நுனிநாக்கிலும் வைத்துப் பார்க்காதீர்கள். பொட்டுலிசத்தைத் தரும் நஞ்சுக்கு மணமே இல்லாமலும் போகலாம் என்பதால், வீங்கிய ரின்னைத் திறந்து பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம்.

பயப்படத் தேவையில்லாதவையும் சில உண்டு. மேலே மிதக்கும் வெள்ளைத் திரள் சூட்டில் உறைந்த மீன்புரதம். உட்சுவரில் கருநீலக் கறை புரதத்திலுள்ள கந்தகம் தகரத்தோடு சேர்ந்ததால் வந்தது. சில வேளைகளில் கண்ணாடித் துண்டுபோல ஒரு பளிங்கு பல்லில் தட்டுப்படும். ரின்னுக்குள் கண்ணாடி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக முன், அதை வெதுவெதுப்பான வினாகிரியில் போட்டுப் பாருங்கள். மெல்லக் கரைந்தால் அது ஸ்ருவைற், மீனிலுள்ள மக்னீசியமும் பொஸ்பேற்றும் அமோனியமும் சேர்ந்து படிந்த உப்பு. கரையாமல் நின்றால் சண்டைக்குப் போகலாம்.

மீனைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே வேண்டாம். துண்டு உடையும், எண்ணெயும் போய்விடும். வடித்து, அரைத் தேசிக்காய்ப் புளியும் ஒரு சிட்டிகை மஞ்சளும் தூவி 5 நிமிடம் வைத்தால் வெடுக்குப் போதிய அளவு அடங்கும். இன்னும் அடங்க வேண்டுமென்றால் வயிற்றுக் குழியில் ஒட்டியிருக்கும் கறுப்புப் படலத்தைக் கரண்டி நுனியால் வழித்துவிடுங்கள்.

குழம்பு

425 கிராம் ரின் ஒன்று, நாலைந்து பேருக்கு. சின்ன வெங்காயம் 150 கிராம், பச்சைமிளகாய் 5, உள்ளி 6 பல்லு, தக்காளி 1, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, ஒரு துண்டு ரம்பை, கடுகும் வெந்தயமும் அரை அரைத் தேக்கரண்டி, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் 2 மேசைக்கரண்டி. பழப்புளி 20 கிராமை 150 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து வடியுங்கள். அரைமுறித் தேங்காயில் முதற்பால் 100 மில்லிலீற்றர், இரண்டாம் பால் 250 மில்லிலீற்றர் எடுங்கள். நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. உப்பை இப்போது எடுக்காதீர்கள்.

எண்ணெய் சூடானதும் கடுகு, வெந்தயம். வெந்தயம் பொன்னிறம் தாண்டினால் குழம்பு முழுதும் கைக்கும், ஆகவே உடனே வெங்காயம், மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை. ஆறேழு நிமிடம் வதக்கித் தக்காளி சேருங்கள். அது குழைந்ததும் இரண்டாம் பாலை ஊற்றி, பிறகு கறித்தூள். நம் கறித்தூள் ஏற்கெனவே வறுத்து அரைத்தது. சுடும் எண்ணெயில் நேரே போட்டால் கருகிவிடும். 8 நிமிடம் கொதிக்கவிட்டுப் பழப்புளிக் கரைசலை ஊற்றி இன்னும் 6 நிமிடம். அகப்பையின் முதுகில் குழம்பு ஒட்டி நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் தெரிய வேண்டும். உருளைக்கிழங்கோ கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போடுவதென்றால் இந்தக் கட்டத்துக்குள் அது முழுதாக வெந்திருக்க வேண்டும். மீன் போட்ட பிறகு வேகும் என்று விடுவதுதான் எல்லாக் கூழுக்கும் தொடக்கம்.

அடுப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றுங்கள். முதல் குமிழ் வந்ததும் மீன்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, சிறு நெருப்பில் 4 நிமிடம். அகப்பையை அடுத்த பக்கம் வைத்துவிட்டுத் தாச்சியின் இரண்டு காதையும் பிடித்துச் சுழற்றுங்கள். இப்போது ருசி பாருங்கள். ஒரு ரின் மீனில் மட்டும் இரண்டரைக் கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. பல நாள்களில் கூடுதலாக ஒரு சிட்டிகையே போதும். இறக்கி, பெருஞ்சீரகத்தூள் கால் தேக்கரண்டி தூவி, 10 நிமிடம் மூடி வையுங்கள். ஆறும்போதுதான் மீன் குழம்பை உறிஞ்சும்.

பால் திரைந்தால் நெருப்புக் கூடியது என்று அர்த்தம், அல்லது முதற்பாலுக்குப் பிறகு புளி விட்டிருக்கிறீர்கள். தக்காளிக் குழம்பில் அடைத்த ரின் என்றால் அந்தக் குழம்பையும் சேர்த்துப் பழப்புளியைப் பாதியாக்குங்கள். உப்புநீர் ரின்னின் நீரைச் சிலர் சேர்ப்பார்கள். கரைந்த சத்து அதில் உண்டென்பது சரி, ஆனால் உப்பும் வெடுக்கும் அதிலேதான். விட்டுவிடுவதே நல்லது.

கட்லட்

வடித்த மீன் 280 கிராம், உருளைக்கிழங்கு 350 கிராம், பொடியாக வெட்டிய வெங்காயம் 120 கிராம், பச்சைமிளகாய் 4, இஞ்சி உள்ளி அரைத்தது 1 தேக்கரண்டி, மிளகுதூள் 1 தேக்கரண்டி, கறித்தூள் 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை, அரைத் தேசிக்காய். பூச்சுக்கு 2 முட்டை, றஸ்க் தூள் 150 கிராம். 35 கிராம் உருண்டையாக 18 முதல் 20 வரை வரும்.

கட்லட்டின் எதிரி நீர். கிழங்கைத் தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து மசியுங்கள். வெட்டி அவித்தால் நீர் குடிக்கும். புதிதாகக் கிண்டிய கிழங்கு நீர் கூடியது, சில நாள் கிடந்த கிழங்கே நல்லது. மீனைக் கையால் பிழிந்து உதிர்த்து, முள்ளையும் சேர்த்து நசியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம் முதலியவற்றை வதக்கி, மீனைப் போட்டு, தாச்சி அடி காய்ந்து சதை உதிரியாகும்வரை 5 நிமிடம் கிளறுங்கள். கிழங்கைச் சேர்த்துப் பிசைந்து முற்றாக ஆறவிட்ட பிறகே தேசிக்காய்ப் புளி. உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டி, அரை மணித்தியாலம் பிறிஜ்ஜில் வையுங்கள்.

எண்ணெய் 175 முதல் 180 பாகை. அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை றஸ்க் தூள் போடுங்கள்: உடனே நுரைத்து மேலே வந்தால் சரி, அடியில் கிடந்தால் பொறுங்கள், போட்டவுடன் கறுத்தால் நெருப்பைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, கட்லட் எண்ணெய் குடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும், உள்ளே எல்லாம் வெந்ததுதானே. வெடித்தால் உள்ளே நீர் மிஞ்சியிருக்கிறது, அல்லது பூச்சில் எங்கோ இடைவெளி இருந்திருக்கிறது. இரண்டாவதற்கு மருந்து எளிது: முட்டையிலும் தூளிலும் இரண்டு தடவை.

மிச்சமும் மற்றவையும்

திறந்த ரின்னிலேயே மிச்சத்தை விடாதீர்கள். காற்றுப் பட்டதும் தகரமும் இரும்பும் உணவில் கரைவது கூடும், தக்காளி ரின்னில் இன்னும் விரைவாக. கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி 5 பாகைக்குக் கீழ் வைத்தால் இரண்டு நாள். மின்சாரம் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அந்தக் கணக்குப் பொருந்தாது.

பிரசர் உள்ளவர்கள் உப்புநீரை முற்றாக வடித்து, கறிக்கு உப்புச் சேர்க்காமல் சாப்பிடலாம். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குபவர்களுக்கு மெக்கரல் ஆகாது, உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் கூடியது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இந்த உப்பே கூடுதல். கர்ப்பிணிகள் பயமின்றிச் சாப்பிடலாம். சுறா, கொப்பரன் போன்ற பெருமீன்களில் சேரும் பாதரசம் இந்த அளவு மீனில் குறைவு. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும்.

வெறும் ரின்னைக் கழுவி, கூரான மூடியை உள்ளே மடித்து, நசுக்கிக் குப்பையில் போடுங்கள். வேலியோரம் வீசிய ஒரு ரின்னில் மாரிமழை நீர் ஒரு கிழமை நின்றாலே டெங்கு நுளம்பு பெருகிவிடும்.